விசிறி இல்லாத பெட்டி

அப்பா டிவி பார்க்க உட்காரும்போது மட்டும் காது மிஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். கோயிலுக்குப் போனால் அது காதில் இருக்கும். கல்யாண வீட்டில் இருக்கும். எங்கள் ஊர் சுங்கை சிப்புட் (மலேசியாவில் பேராக் மாநிலம்) மார்க்கெட்டில் மீன்காரரிடம் விலை பேசும்போது கட்டாயம் இருக்கும். ஆனால் வீட்டு ஹாலில், பிரம்பு நாற்காலியில் சாய்ந்த அடுத்த நிமிஷம் பைக்குள் போய்விடும். அப்புறம் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை 40க்கு ஏற்றுவார். அடுப்படியிலிருந்து அம்மா கத்துவார். பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் ஒரே சுவர். அந்தப் பக்கத்து மக்சிக், மலாய்க்கார அம்மா, நல்ல மனுஷி, ஒன்றும் சொன்னதில்லை. ஆனால் டிவி2 தமிழ்ச் செய்தியை அவரும் ஒரு நாள் விடாமல் கேட்டிருப்பார்.

வயசான காலத்துப் பிடிவாதம் என்றுதான் நினைத்தேன். இரண்டு வருஷம் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தேன். அதே காலத்தில் அந்த ஹாலுக்கு இரண்டு கணினி கொண்டுவந்தேன். பிடிவாதத்துக்கும் கணினிக்கும் சம்பந்தம் உண்டு என்று புரிந்தது, பக்கத்து நகரமான ஈப்போவில் கொடுத்த ஒரு ரப்பர் குழாயைக் காதில் மாட்டிப் பார்த்த பிறகுதான்.

டிவியிலேயே எல்லாம் வருகிறதே, கணினி எதற்கு என்று கேட்பீர்கள். அம்மாவும் அதைத்தான் கேட்டார். யூடியூப் டிவியிலேயே வரும், காசு கட்டிப் படம் பார்க்கிற ஆப்களும் வரும், உண்மைதான். எங்கள் வீட்டில் விஷயம் அலமாரிக்கு அடியில் இருந்த மூன்று பிஸ்கட் டின்கள். தோட்டத்து வீட்டைக் காலி செய்து இந்தத் தாமானுக்கு (வீடமைப்புப் பகுதி) வந்தபோது அம்மா பாத்திரங்களைக் கூட விட்டுக்கொடுத்தார், டின்களை விடவில்லை. உள்ளே முழுக்க விசிடி. ஒரு படத்துக்கு இரண்டு டிஸ்க், நீளமான படமென்றால் மூன்று. கதாநாயகன் அடிக்கக் கை ஓங்கியதும் எழுந்துபோய் அடுத்த டிஸ்க்கைப் போட்ட தலைமுறை நாங்கள். அதோடு வீடியோ கேசட்டுகள்: 1993ல் அத்தை கல்யாணம், தோட்டத்துக் கோயில் திருவிழா, என் காதுகுத்து. கேசட்டுகளைக் கோலாலம்பூரில் ஒருவரிடம் கொடுத்துக் கோப்பாக மாற்றினேன். விசிடிகளை நானே உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஏற்றினேன். பாதி டிஸ்க்கில் பூஞ்சை.

அதையெல்லாம் பென்டிரைவில் போட்டு டிவியில் செருகினால், விசிடிக் கோப்புகளை டிவி ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கேசட் கோப்புகள் ஓடின, ஆனால் யாராவது கையை வீசினால் அந்தக் கை சீப்புப் பல் மாதிரிக் கோடு கோடாகப் பிரிந்தது. அந்தக் காலத்துப் படம் ஒற்றை வரிகளும் இரட்டை வரிகளுமாக மாறி மாறி வரையப்பட்டது. இரண்டையும் சரியாகச் சேர்த்துக் கொடுக்க ஒரு மென்பொருள் வேண்டும். இன்னொன்று, நம் நாட்டு டிவி அந்தக் காலத்தில் ‘பால்’ (PAL) என்கிற முறை, நொடிக்கு 25 படம். திரை நொடிக்கு 60 தடவை புதுப்பித்துக்கொண்டிருந்தால், 60ஐ 25ஆல் சரியாக வகுக்க முடியாதல்லவா, அந்த மீதிதான் மணமேடையைச் சுற்றி வருகிறவர்கள் நொண்டுகிற மாதிரித் தெரிவதற்குக் காரணம். கோடி என்கிற மென்பொருளில் (நூறு லட்சம் இல்லை, பெயரே அதுதான், 2002ல் எக்ஸ்பாக்ஸுக்காகப் பிறந்தது, 2014ல் இந்தப் பெயர் வைத்தார்கள்) ஒரே ஓர் அமைப்பைத் தட்டினால் படத்துக்கு ஏற்றபடி திரையை 50க்கு மாற்றிவிடும். அதை ஓட்ட ஒரு கணினி வேண்டும். ஹாலில் வைக்கிற மாதிரி, சின்னதாக, அம்மா திட்டாத அளவுக்கு.

முதலில் சின்னதெல்லாம் இல்லை. ஆபீசில் கழித்துப் போட்ட பழைய டவர் ஒன்றைக் காடியில் (கார்தான்) ஏற்றி வந்தேன். டிவி அலமாரிக்குள் தள்ளியதும் வீடே உறுமியது. உள்ளே இருந்த ஹார்ட் டிஸ்க் நிமிஷத்துக்கு 7200 சுற்று, அதாவது நொடிக்கு 120. அந்த அதிர்வு பலகை வழியாக இறங்கி, உள்ளே வெற்றாக இருந்த அலமாரி மத்தளமாகிவிட்டது. அதை இரண்டு மாதத்தில் திருப்பி எடுத்துப் போனேன். கரண்டு பில்லுக்குப் பயந்து என்று அம்மாவிடம் சொன்னேன். பொய்தான். 60 வாட் இழுக்கிற பெட்டி தினம் 5 மணி நேரம் ஓடினால் மாதம் 9 யூனிட், அப்போதிருந்த 21.80 சென் கட்டணத்தில் 2 வெள்ளி (ரிங்கிட்) கூட ஆகாது. சத்தமில்லாத கணினி வாங்குகிறவர்கள் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறோம் என்று சொன்னால் நம்பாதீர்கள்.

கையடக்கப் பெட்டி

இரண்டாவது பெட்டி எனக்குப் பெருமை. உள்ளங்கையில் வைக்கலாம். உள்ளே இன்டெல் என்100, 2023ல் வந்த சிப்பு, நான்கு கோர், கணக்குக்கு 6 வாட். 4கே என்கிற மிகத் துல்லியமான படம், 10 பிட் எச்இவிசி, ஏவி1 என்று படத்தைச் சுருக்கி வைக்கிற எந்த முறையைக் கொடுத்தாலும் சிப்புக்குள்ளேயே பிரித்துவிடும், வியர்க்காது. மூன்று வாரம் ராத்திரி கண் விழித்துப் படித்து, நண்பர்களைக் குடைந்து, டிவிக்குப் படம் கொண்டுபோகிற எச்டிஎம்ஐ இணைப்பு 1.4 ஆக இருந்தால் 4கே நொடிக்கு 30 படம்தான் போகும், 2.0 வேண்டும் என்பதுவரை கரைத்துக் குடித்துத்தான் வாங்கினேன். எங்கள் டின்னில் இருந்த படங்கள் எல்லாம் அகலத்தில் 352 புள்ளி, உயரத்தில் 288. இதை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. மாட்டு வண்டி ஓட்ட எட்டு வழிச் சாலை போட்டிருக்கிறேன்.

விசிறி இருந்தது. சின்ன விசிறி. பெட்டி சின்னதென்றால் சத்தமும் சின்னதாக இருக்கும் என்று யாருக்கும் தோன்றும், அது தப்பு. அதே அளவு காற்றைத் தள்ள, பெரிய விசிறி சோம்பலாகச் சுற்றினால் போதும், சின்னது பேய் பிடித்த மாதிரிச் சுற்ற வேண்டும். பெரிய விசிறியின் சத்தம் ‘ஹூ’ என்று காற்றோடு கலந்துவிடும். சின்னதன் சத்தம் ‘ஸ்ஸ்ஸ்’ என்று கொசு மாதிரி. ஆனால் நான் உட்காருகிற சோபா மூன்று மீட்டர் தள்ளி. மேலே மின்விசிறி சுற்றுகிறது. வெளியே மோட்டார் சைக்கிள்கள். மழை வந்தால் தகரக் கூரைக்கு அடியில் எந்தக் கணினியும் மௌனம்தான். எனக்கே கேட்காதது, காது கேட்காத அப்பாவுக்கு எங்கே கேட்கப் போகிறது?

அதோடு நிற்கவில்லை. அப்பா எழுந்து குனிய வேண்டாம், கையெட்டும் தூரத்தில் பொத்தான் இருக்கட்டும் என்று, மூன்று மீட்டர் எச்டிஎம்ஐ கேபிள் வாங்கி, பெட்டியை அவருடைய பிரம்பு நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில் வைத்தேன். இடது பக்கம். காது மிஷின் மாட்டுகிற பக்கம். இதை யாரும் சொல்லி நான் செய்யவில்லை, என் சொந்த மூளை.

ரப்பர் குழாய்

அப்பா 27 வருஷம் செம்பனை ஆலையில் வேலை செய்தவர். கொட்டை உடைக்கிற பகுதி. குலைகளை நீராவியில் அவித்து, பழத்தை உதிர்த்து, பிழிந்து எண்ணெய் எடுத்த பிறகு மிச்சம் இருக்கிற கொட்டையை உடைப்பார்கள். சின்ன வயசில் சாப்பாட்டுக் கேரியர் கொண்டுபோய்க் கொடுக்கும்போது வாசலிலேயே என் நெஞ்சுக்குள் அதிரும். அங்கே ஆட்கள் பேசிக்கொள்ள மாட்டார்கள், கை ஜாடைதான். காதில் பஞ்சு. சட்டம் இருந்தது. 1989 விதிப்படி எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல் வரை, 2019ல்தான் அதை 85க்கு இறக்கினார்கள். அப்பா ஓய்வு பெற்றது அதற்கு முன்னாலேயே.

இரைச்சலில் போன காது எல்லாச் சத்தத்தையும் ஒரே மாதிரி இழப்பதில்லை. முதலில் அடி வாங்குவது 4000 ஹெர்ட்ஸ் பக்கம், கீச்சுச் சத்தங்கள் இருக்கிற இடம். பேச்சில் ‘ச’, ‘ஸ’ மாதிரிச் சத்தங்கள் அந்த உயரத்துப் பக்கம்தான் நிற்கின்றன. அதனால்தான் அப்பாவுக்கு நாம் பேசுவது கேட்கும், புரியாது. ‘பசிக்குதா’ என்றால் ‘படிக்கட்டுல யாரு’ என்பார். காது மிஷின் அந்த உயரச் சத்தங்களைத் தூக்கிக் கொடுக்கிறது.

ஈப்போவில் வருஷாந்திரப் பரிசோதனைக்குக் கூட்டிப்போனேன். காது பார்க்கிற பெண் நம் பிள்ளைதான். மிஷினைக் கணினியோடு இணைத்துப் பார்த்துவிட்டு, “ஐயா, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் போடுறீங்க?” என்று கேட்டார். அப்பா, “எப்பவும் போட்டிருப்பேம்மா” என்றார். மிஷினுக்குள் கணக்கு இருக்கும் போலிருக்கிறது, அந்தப் பெண் லேசாகச் சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பி, “அண்ணே, வீட்டுல எப்ப கழட்டுறாரு?” என்றார். டிவி பார்க்கும்போது என்றேன். அவர் மேசை இழுப்பறையிலிருந்து டாக்டர் வைத்திருக்கிற ஸ்டெதாஸ்கோப் மாதிரி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். நுனியில் வட்டத் தகடு கிடையாது. அந்த இடத்தில் காது மிஷினைச் செருகலாம். மிஷின் வேலை செய்கிறதா என்று வீட்டில் இருக்கிறவர்கள் கேட்டுப் பார்க்க. “அப்பா உட்கார்ற இடத்துல உட்கார்ந்து கேட்டுப் பாருங்க” என்றார்.

அன்று சாயங்காலம் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து குழாயைக் காதில் மாட்டினேன். டிவி ஓடவில்லை. பெட்டி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. காதுக்குள் யாரோ குக்கரின் விசிலைத் தூக்கிவிட்ட மாதிரி ஒரு சீற்றம். நிற்கவே இல்லை. அதற்குள் எங்கேயோ தூரத்தில் அம்மா என்னைக் கூப்பிடுகிறார், என்ன சொல்கிறார் என்று தெரியவில்லை. பெட்டியின் பொத்தானை அமுக்கினேன். சீற்றம் இறங்கி இறங்கி நின்றது. “தோசை ரெண்டு போதுமா மூணா?” என்பது அப்போதுதான் கேட்டது.

மறுநாள் போனில் அந்தப் பெண்ணிடம் கேட்டேன். காது மிஷின் எல்லாவற்றையும் ஒரே அளவு பெரிதாக்குவதில்லையாம். பெரிய சத்தத்தைக் கொஞ்சம்தான் ஏற்றும், மெல்லிய சத்தத்தை நிறைய ஏற்றும், இல்லையென்றால் குசுகுசு பேச்சு கேட்காது. ஆக, எனக்குக் கேட்காத அளவு மெல்லியதாக இருந்ததாலேயே அந்த விசிறி அப்பாவுக்குப் பெரிதாகக் கேட்டிருக்கிறது. அதுவும் அவருக்குப் பேச்சு புரிய வேண்டிய அதே உயரத்தில், கையெட்டும் தூரத்தில். டிவியில் பேசுவதைக் கேட்க அவருக்கு இருந்த ஒரே வழி மிஷினைக் கழற்றிவிட்டுச் சத்தத்தைக் கூட்டுவது. அதைத்தான் செய்திருக்கிறார். நியாயமான முடிவு.

“ஏம்பா சொல்லல?” என்று கேட்டேன்.

“நீ ஆசையா வாங்கிட்டு வந்த” என்றார். கொஞ்சம் கழித்து, “ஆலையில கேக்காத சத்தமா” என்றார்.

மறுபடி முதலிலிருந்து

அதற்கப்புறம் கணினி பார்க்கிற கண்ணே மாறிப்போனது. விசிறி கூடாது. சுற்றுகிற டிஸ்க் கூடாது. இந்த இரண்டும் பேரம் பேச முடியாதவை. அப்புறம்தான் மற்றது. அப்பாவின் நாளை நாற்காலியிலிருந்து கவனிக்க ஆரம்பித்ததும் வேறு இரண்டு தேவை தெரிந்தது. முதலாவது இடி. பேராக்கில் மத்தியானம் மூன்று மணிக்கு வானம் கறுத்தால் எங்கள் வீட்டில் எல்லா பிளக்கும் சுவரிலிருந்து பிடுங்கப்படும். தோட்டத்தில் இருந்தபோது ஆன்டெனா வழியாக இடி இறங்கி ஒரு டிவி போனதிலிருந்து இது சட்டம். முறையாக நிறுத்திவிட்டுப் பிடுங்குங்கள் என்று நான் சொல்ல, தலையாட்டிவிட்டுப் பிடுங்குவார். ஆக, பட்டென்று உயிர் போனாலும் கெட்டுப்போகாத, பிளக்கைச் செருகினால் யாரும் பொத்தான் அமுக்காமலே எழுந்து நிற்கிற பெட்டி வேண்டும். இரண்டாவது ரிமோட். அப்பாவுக்கு ஒரு ரிமோட் தெரியும். இரண்டாவது ரிமோட் தலையணைக்கு அடியில் போய்விடும்.

கையில் இரண்டு தேர்வு. ஒன்று, அதே என்100 சிப்பு, விசிறி இல்லாமல் உடம்பு முழுக்க அலுமினியத் தகடு வைத்த பெட்டி. இன்னொன்று ராஸ்பெர்ரி பை 5, கிட்டத்தட்ட சீட்டுக்கட்டு அளவே இருக்கிற ஒற்றைப் பலகை, அதற்கென்று கனமான உலோகக் கூடு. வலிமையில் என்100 எங்கேயோ இருக்கிறது. பை 5ல் எச்இவிசி படத்தைப் பிரிக்க மட்டும்தான் தனி வன்பொருள் உண்டு. பழைய சுருக்கு முறையான எச்.264 கூட சிப்பு தன் பொதுக் கணக்கில்தான் போட வேண்டும். 1080 வரிப் படம் வரை அலட்டிக்கொள்ளாமல் போடும். ஏவி1 4கே எல்லாம் மறந்துவிடலாம். ஆனால் பை 5ல் ஒன்று உண்டு, சாதாரணக் கணினிகளில் பெரும்பாலும் கிடையாது. எச்டிஎம்ஐ கம்பி வழியாகவே டிவி ரிமோட்டின் பொத்தான்கள் அதற்குப் போய்ச்சேரும், சிஇசி என்பார்கள். தனி ரிமோட் வேண்டாம், ஒன்றும் ஒட்ட வேண்டாம், செருக வேண்டாம். என்100லும் ஒரு யுஎஸ்பி துண்டு வாங்கிச் செருகிச் சமாளிக்கலாம்தான். எனக்குச் சமாளித்து அலுத்துவிட்டது. பை 5ஐ எடுத்தேன்.

அதில் லிப்ரெஎலெக் போட்டேன். கோடியை மட்டும் ஓட்டுவதற்கென்றே செய்த சின்ன லினக்ஸ் இயங்குதளம் அது. தன் அமைப்புக் கோப்புகளைப் படிக்க மட்டும் திறக்கும், எழுதத் திறக்காது, அதனால் அப்பா பிளக்கைப் பிடுங்குவது அதற்குப் பெரிய விஷயம் இல்லை. மின்சாரம் வந்தால் தானே எழுந்துகொள்கிறது.

முதல் வாரமே மண்டை உடைந்தது, என் கஞ்சத்தனத்தால். இருந்த போன் சார்ஜரையே மாட்டினேன். பை 5க்கு 5 வோல்ட்டில் 5 ஆம்பியர் கொடுக்கிற 27 வாட் அடாப்டர் வேண்டும். குறைந்ததைக் கொடுத்தால் அது யுஎஸ்பிப் பக்கம் மொத்தமாக 600 மில்லி ஆம்பியரோடு நிறுத்திக்கொள்ளும். என் கையில் இருந்த சின்ன ஹார்ட் டிஸ்க் அதில் சுற்ற முயன்று ‘டிக் டிக்’ என்று தோற்றுக்கொண்டிருந்தது. அப்பா மிஷினோடுதான் உட்கார்ந்திருந்தார். “பல்லி கத்துதுடா” என்றார். சரியான அடாப்டரும், சுற்றாத எஸ்எஸ்டியும் வாங்கினேன். உண்மைப் பல்லிக்கும் இந்தக் கூட்டில் பெரிய வாசல் கிடையாது. பழைய மினி பெட்டியின் காற்றுத் துளைகளைச் சுற்றி அம்மா எறும்புச் சாக்பீஸால் கோடு போட்டிருந்தது ஞாபகம் வருகிறது.

இரண்டாவது வாரம் படம் திக்கித் திக்கி ஓடுகிறது என்று போன். பேராக் வெயிலில் மத்தியான ஹால் 32 டிகிரி இருக்கும், விசிறி இல்லாத பெட்டிக்கு அதுவே தொடக்கக் கோடு. சிப்பு 80 டிகிரியைத் தாண்டினால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஆனால் நான் சோதித்தபோது 60ஐத் தாண்டவில்லையே என்று குழம்பி, சனிக்கிழமை கோலாலம்பூரிலிருந்து வண்டியேறி வந்து பார்த்தால், பெட்டிமேல் ரோஜாப்பூ போட்ட பின்னல் துணி. அதன்மேல் ஒரு பிள்ளையார். வீட்டுக்கு வந்த எந்தப் பெட்டியும் அம்மாவிடம் துணி போர்த்திக்கொள்ளாமல் தப்பியதில்லை, பழைய கேசட் பிளேயர், தொலைபேசி, சோற்றுப் பானை உட்பட. உலோகக் கூடு சுடுவதே அது வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம், சூடு வெளியே போகணும்மா என்று விளக்கினேன். அம்மா துணியை எடுத்தார். பிள்ளையாரை எடுக்கவில்லை. பித்தளைப் பிள்ளையார்தான், கொஞ்சம் சூட்டை அவரும் வாங்கிக்கொள்வார் என்று விட்டுவிட்டேன்.

முக்காலியும் மூன்று மீட்டர் கேபிளும் ஸ்டோர் ரூமுக்குப் போயின. பெட்டி டிவிக்குப் பின்னால். மினி பெட்டி என்னோடு கோலாலம்பூர் வந்து, கதவு சாத்திய அறையில் தன் இஷ்டத்துக்குச் சீறிக்கொண்டிருக்கிறது. டிவி சத்தம் இப்போது 22ல் நிற்கிறது. காது மிஷின் காதில்.

போன மாதம் போயிருந்தபோது அத்தை கல்யாணத்தைப் போட்டார்கள். தோட்டத்துக் கோயில், வாழைமரம் கட்டின பந்தல், மேளக்காரர் கன்னம் உப்ப நாதஸ்வரம். தாலி கட்டி முடிந்து எல்லாரும் பந்திக்குப் போகிற இடத்தில் பின்னால் எங்கேயோ ஒரு நீளமான ஊளை. கேமராவுக்குப் பின்னால் இருக்கிறவருடைய இருமல் மாதிரி நான் அதைக் கவனிக்காமலே பல தடவை கடந்திருக்கிறேன். அப்பா நாற்காலியில் நிமிர்ந்தார்.

“ஆலைச் சங்கு” என்றார்.

அம்மா, “எதுங்க?” என்றார்.

“ரெண்டு மணிச் சங்கு. அப்பத்தான் நான் கிளம்பி ஓடுவேன். லீவு தரல அன்னிக்கு.” டிவி ரிமோட்டை எடுத்துப் பின்னால் ஓட்டினார். பந்தல், நாதஸ்வரம், பந்தி, சங்கு. மறுபடி பின்னால் ஓட்டினார். மூன்றாவது தடவை அம்மாவும் பார்த்துவிட்டார்: படத்தின் ஓரத்தில், பந்தல் காலுக்குப் பக்கத்தில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சைக்கிளை உருட்டுகிற ஒருவருடைய முதுகு.